ரெண்டு இஞ்சு ஏத்தினால் முன் ஜாயிண்ட்டுக்கு என்ன ஆகும்?

களக்காடு, திருக்குறுங்குடி, ஏர்வாடிப் பக்கம் வாழைத்தோட்டத்துக்குள் போய் வாழைத்தார் ஏற்றி வரும் ஃபோர் வீல் பிக்கப்புகளைப் பாருங்கள். பல வண்டிகளில் முன்பக்கத்தைத் தரையிலிருந்து கூடுதல் உயரத்துக்கு ஏத்தியிருப்பார்கள். காரணம் நியாயமானதுதான். ஓடையில் இறங்கி ஏறும்போது கல் இன்ஜின் ஆயில் தொட்டியான சம்ப்பில் இடிக்கும், வரப்பு சக்கரங்களுக்குச் சுழற்சியைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியலில் உரசும். ராதாபுரம், பணகுடிப் பக்கம் காற்றாலை வேலைக்கு ஓடுகிறவர்களும், திசையன்விளையைத் தாண்டித் தேரி என்கிற செம்மணல் காட்டுக்குள் போகிறவர்களும் இதையேதான் சொல்வார்கள். பட்டறையில் கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "அண்ணாச்சி, ரெண்டு இஞ்சு ஏத்திருவோம், ஒண்ணும் ஆவாது." சில மாதம் கழித்து, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்துத் திருப்பும்போது முன்சக்கரத்துக்குப் பின்னாலிருந்து 'டக் டக் டக்' என்று சத்தம் கிளம்பும். டிஃபரன்ஷியலிலிருந்து முன்சக்கரத்தைச் சுழற்றும் ஷாஃப்ட்டில் இருக்கும் ஜாயிண்ட் போய்விட்டது என்று புதிது வாங்கிப் போடுவார்கள். அதுவும் அதே மாதிரி போகும். பிறகு, வாங்கின சாமான் மட்டம் என்று பேச்சு வரும்.

வண்டியை ஏத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. எத்தனை இஞ்சு என்று பேசுகிறோம், ஏத்தின பிறகு ஷாஃப்ட் எத்தனை டிகிரி சாய்ந்து நிற்கிறது என்று அளப்பதில்லை. ஜாயிண்ட் தேய்வது அந்தச் சாய்வினால். இரண்டு நிமிடத்தில் அளந்துவிடக்கூடிய விஷயம் இது. அதை அளக்காமல் பானாவைக் கையில் எடுக்கக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிய வேண்டும். இசுசு வி-கிராஸ், ஹைலக்ஸ், 2020க்குப் பின் வந்த மகிந்திரா தார் இவற்றில் முன்பக்கம் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும், காயில் ஸ்பிரிங் இருக்கும். அதற்கு முந்தைய தார் சிஆர்டிஇ, டாடா ஜெனான் 4x4 போன்றவையும் தனித்தனி சக்கரம்தான், ஆனால் காயிலுக்குப் பதிலாக நீளமான டார்ஷன் பார், அதாவது முறுக்கத்தால் ஸ்பிரிங் வேலை செய்யும் கம்பி. இவை எல்லாவற்றிலும் டிஃபரன்ஷியல் சேஸிஸோடு போல்ட் போட்டு நிற்கிறது. சேஸிஸை ஏத்தினால் டிஃபரன்ஷியலும் கூடவே மேலே போகும். சக்கரம் தரையில்தான் இருக்கும். நடுவில் இருக்கும் ஷாஃப்ட் அந்த வித்தியாசத்தைத் தாங்கிச் சரிந்து நிற்கும். பழைய மகிந்திரா ஜீப், ஜிப்ஸி, ஜிம்னி மாதிரி வண்டிகளில் முன்னாலும் ஒரே முழு ஆக்சில். அவற்றின் கதை வேறு, கடைசியில் வருகிறேன்.

ஒரு அரை ஷாஃப்ட்டில் இரண்டு ஜாயிண்ட் உண்டு. சக்கரத்துப் பக்கம் இருப்பது வெளி ஜாயிண்ட். கிண்ணம் மாதிரி ஒரு வெளிக்கூடு, உள்ளே ஒரு நட்சத்திர உருளை, இரண்டுக்கும் நடுவே வளைந்த பள்ளங்களில் ஆறு குண்டு, குண்டுகளைப் பிடித்து நிறுத்த ஒரு கூண்டு. ஸ்டியரிங் ஒடிவதையெல்லாம் தாங்குவது இதுதான், 45 டிகிரியைச் சுற்றி ஒரு கணம் போய் வர இதால் முடியும். டிஃபரன்ஷியல் பக்கம் இருப்பது உள் ஜாயிண்ட். பெரும்பாலும் மூன்று கால் உள்ள ஸ்பைடர், ஒவ்வொரு காலிலும் ஒரு உருளை, அவை மூன்று நேரான பள்ளத்தில் உள்ளே வெளியே நகரும். சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாஃப்ட்டின் நீளம் கூடிக் குறைய வேண்டியிருக்கிறது, அந்த வேலை இதனுடையது. இது தாங்கும் சாய்வு வெளி ஜாயிண்ட்டில் சுமார் பாதிதான். ஏத்தின வண்டியில் நேர் ரோட்டிலேயே முதலில் கஷ்டப்படுவது உள் ஜாயிண்ட் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. சத்தம் வெளியே கேட்பதால் பழி வெளி ஜாயிண்ட் மேல் விழுகிறது.

இப்போது கணக்கு. சமதளமான இடத்தில் வண்டியை நிறுத்தி, கொஞ்சம் முன்னும் பின்னும் உருட்டி நிறுத்துங்கள், சஸ்பென்ஷன் தன் இடத்துக்கு வரட்டும். உள் ஜாயிண்ட்டின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், வெளி ஜாயிண்ட்டின் மையம் எவ்வளவு உயரம், இரண்டு மையத்துக்கும் நடுவே ஷாஃப்ட் நீளம் எவ்வளவு என்று டேப்பில் பிடியுங்கள். உதாரணத்துக்கு உள்ளே 430 மில்லிமீட்டர், வெளியே 395, ஷாஃப்ட் 400 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 35. 35ஐ 400ஆல் வகுத்து, போன் கால்குலேட்டரில் சைன் தலைகீழ் (sin⁻¹) போட்டால் 5 டிகிரி. இதே வண்டியை 25 மில்லிமீட்டர் ஏத்தினால் வித்தியாசம் 60, சாய்வு 8.6 டிகிரி. 40 ஏத்தினால் 10.8. ரெண்டு இஞ்சு, அதாவது 50 ஏத்தினால் 12.3. மூணு இஞ்சு என்று 75 ஏத்தினால் 16 டிகிரி. டேப் பிடிக்கச் சோம்பலாக இருந்தால் போனில் லெவல் பார்க்கும் ஆப்பைத் திறந்து, ஷாஃப்ட்டின் மேல் போனை ஒட்டி வைத்தாலே டிகிரி தெரிந்துவிடும்.

இரண்டு பக்கமும் அளக்க வேண்டும். சில வண்டிகளில் டிஃபரன்ஷியல் நடுவில் இருக்காது, ஒரு பக்கத்து ஷாஃப்ட் குட்டையாக இருக்கும். அதே 50 மில்லிமீட்டர் ஏத்தினாலும், 330 நீளமுள்ள குட்டை ஷாஃப்ட்டில் சாய்வு கிட்டத்தட்ட 15 டிகிரிக்குப் போய்விடும். ஒரே பக்கத்து ஜாயிண்ட் மட்டும் திரும்பத் திரும்பப் போகிறது என்றால் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். இன்னொன்று, காலி வண்டியில் மட்டும் அளந்தால் போதாது. பிக்கப்பில் பின்னால் வாழைத்தார் ஏற்றினால், அதிலும் பின் ஆக்சிலுக்குப் பின்னால் பாரம் அதிகம் விழுந்தால், மூக்கு இன்னும் கொஞ்சம் தூக்கும். வழக்கமாக ஏற்றுகிற பாரத்தோடு ஒரு தடவை அளந்து பாருங்கள்.

என் கணக்கில், நாள் முழுக்க ஓடுகிற வண்டிக்கு நேர் ரோட்டுச் சாய்வு 10 டிகிரிக்குள் இருந்தால் கவலை இல்லை. 12ஐத் தாண்டினால் ஜாயிண்ட்டை மூடியிருக்கும் ரப்பர் உறையும் (பூட்) ஜாயிண்ட்டும் செலவுக் கணக்கில் நிரந்தரமாக ஏறிவிடும். 15, 16 டிகிரி என்பது காட்சிக்கு நிறுத்துகிற வண்டிக்குச் சரி, பிழைப்புக்கு ஓடுகிற வண்டிக்கு வேண்டாம்.

ஏன் என்றால், ஷாஃப்ட் சாய்ந்து சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் குண்டு தன் பள்ளத்தில் ஒரு தடவை முன்னும் பின்னும் போய் வருகிறது. அது போய் வரும் தூரம் சாய்வோடு சேர்ந்து கூடும். 5 டிகிரியில் ஒரு பங்கு என்றால் 12.3 டிகிரியில் அது இரண்டரைப் பங்கு. 245/70 ஆர்16 டயருக்குச் சுற்றளவு சுமார் 2.35 மீட்டர், ஒரு கிலோமீட்டருக்கு 425 சுற்று. 60 கிலோமீட்டர் வேகத்தில் நிமிடத்துக்கு 425 தடவை ஆறு குண்டும் அந்த நீண்ட தூரத்தைத் தேய்த்துக்கொண்டு போய் வருகின்றன. உரசல் கூடினால் சூடு கூடும், கிரீஸ் இளகி எண்ணெயாகப் பிரியும், பள்ளத்தின் மேல்தோல் செதில் செதிலாக உரியும். உள் ஜாயிண்ட்டிலோ மூன்று உருளையும் சாய்வாகத் தள்ளப்படுவதால் ஒவ்வொரு சுற்றுக்கும் மூன்று தடவை ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் உதைக்கும். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் வண்டி முன்பக்கம் நடுங்கி, காலை எடுத்ததும் நின்றுவிடுகிறது என்றால் இதுதான்.

ஓடித் தேய்ந்த பழைய வண்டியை ஏத்தினால் முதல் வாரமே சத்தம் வருவதற்கும் காரணம் உண்டு. எண்பதாயிரம் கிலோமீட்டர் ஓடின ஜாயிண்ட்டில் குண்டும் உருளையும் ஓடி ஓடி ஒரு தடம் பதித்திருக்கும். ஏத்தினதும் அவை அந்தத் தடத்தின் விளிம்பு மேல் ஏறி இறங்க ஆரம்பிக்கும். ஜாயிண்ட் புதிதாகக் கெட்டுப்போகவில்லை, உள்ளே ஏற்கெனவே இருந்த தேய்மானம் இப்போது காதில் விழுகிறது.

இனி, எப்படி ஏத்துகிறோம் என்பதைப் பொறுத்தும் விளைவு மாறும். டார்ஷன் பார் வண்டியில் பின்முனையில் இருக்கும் அட்ஜஸ்ட் போல்ட்டை முறுக்கினாலே வண்டி ஏறிவிடும். செலவு இல்லை என்பதால் எல்லாரும் செய்வது இது. இதில் சக்கரம் கீழே தொங்கும் எல்லை மாறுவதில்லை, ஏனென்றால் அதை நிறுத்துவது ரீபவுண்ட் ரப்பர். மாறுவது, வண்டி நிற்கும் இடம் அந்த எல்லைக்கு நெருங்கிவிடுவதுதான். ஆகவே ஜாயிண்ட்டின் உச்சபட்சச் சாய்வு கூடாது, அன்றாடச் சாய்வு கூடும். அதோடு சக்கரம் கீழே இறங்க மிச்சம் இடம் இல்லாததால் ஒவ்வொரு பள்ளத்திலும் சக்கரத்தைத் தாங்கும் ஆர்ம் போய் ரப்பரில் 'டம்' என்று மோதும். 'ஏத்தினதும் ஸ்பிரிங் கல்லு மாதிரி ஆயிட்டு' என்பார்கள். ஸ்பிரிங்கின் விறைப்பு மாறவே இல்லை. மோதுவது ரப்பர். வண்டி தரையில் நிற்கும்போது ஆர்முக்கும் ரீபவுண்ட் ரப்பருக்கும் நடுவே இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டராவது இடைவெளி வேண்டும். அது இல்லையென்றால் போல்ட்டைத் திருப்பி இறக்கிவிடுங்கள்.

காயில் வண்டியில் ஷாக் அப்சார்பர் உச்சியில் தட்டை வைத்து ஏத்துவது இன்னொரு முறை. இதில் சக்கரத்தின் தொங்கும் எல்லையே கீழே போய்விடுகிறது. அதனால் அன்றாடச் சாய்வும் கூடும், உச்சச் சாய்வும் கூடும், மேல் ஆர்மின் முனையில் இருக்கும் பால் ஜாயிண்ட்டும் தன் கடைசி எல்லை வரை மடங்கி இடிக்கும். தட்டின் தடிமனும் ஏறும் உயரமும் ஒன்று என்று நினைக்க வேண்டாம். ஷாக் கீழ் ஆர்மின் நடுவில் அமர்வதால், 10 மில்லிமீட்டர் தட்டு சக்கரத்தில் ஏறத்தாழ 20 மில்லிமீட்டர் உயரத்தைத் தரும். ரெண்டு இஞ்சுத் தட்டு போட்டால் நாலு இஞ்சுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும், அப்புறம் ஷாஃப்ட் உள் ஜாயிண்ட்டிலிருந்து கழன்று வெளியே வரப் பார்க்கும்.

மலையேறும்போது ஜாயிண்ட் உடைவது பெரும்பாலும் ஒரே சூழ்நிலையில்தான். மணிமுத்தாறுக்கு மேலே மாதிரி வழியில், ஒரு சக்கரம் பள்ளத்துக்கு மேல் காற்றில் தொங்கும். ஸ்டியரிங் முழுக்க ஒடித்திருக்கும். 4எல்லில், அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் லோ கியரில், ஆக்சிலேட்டரை மிதிப்போம். தொங்குவதால் 25 டிகிரி, ஸ்டியரிங்கால் 35 டிகிரி என்றால் இரண்டும் சேர்ந்து ஜாயிண்ட்டில் 42 டிகிரி. எல்லைக்குச் சற்று முன்னால் நிற்கிறது. அந்தத் தொங்கும் சக்கரம் சுற்றிக்கொண்டே வந்து சட்டென்று பாறையைப் பிடித்தால், முதலில் கிழிவது கூண்டு. அந்த இடத்தில் ஸ்டியரிங்கைக் கால்வாசி நேராக்கிவிட்டு மிதித்தால் ஜாயிண்ட் பிழைக்கும். தார் ரோட்டில் 4எச் (நாலு சக்கர ஹை கியர்) போட்டு ஓட்டுவதும் இதே பாவம்தான். நடுவில் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டியில், வளைவில் முன்னும் பின்னும் வேறு வேறு தூரம் ஓட வேண்டிய சக்கரங்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறோம், அந்த முறுக்கு எல்லாம் ஜாயிண்ட் வழியாகத்தான் போகும்.

உங்கள் வண்டியில் 2 வீலில் ஓடும்போதும் முன் ஷாஃப்ட் சுற்றுகிறதா என்று தெரியுமா? 2எச்சில் போட்டு, ஒரு முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிக் கையால் சுற்றிப் பாருங்கள். சக்கரத்தை ஷாஃப்ட்டிலிருந்து பிரித்துவிடும் லாக் ஹப் உள்ள வண்டியில் ஹப்பை விடுவித்துவிட்டால் ஷாஃப்ட் சும்மா நிற்கும். அப்படியானால் ஏத்தினதன் தேய்மானம் நீங்கள் 4 வீல் போடும் நேரத்துக்கு மட்டும்தான், கொஞ்சம் தாராளமாக இருக்கலாம். ஷாஃப்ட் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றினால், திருநெல்வேலிக்கும் மதுரைக்கும் நாலுவழிச்சாலையில் ஓடுகிற ஒவ்வொரு கிலோமீட்டரும் ஜாயிண்ட்டின் கணக்கில் ஏறுகிறது.

பூட்டைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தப் பக்கத்தில் ஜாயிண்ட்டைக் கொல்வது சாய்வு மட்டும் அல்ல, மணலும் சேர்ந்துதான். சாய்வு கூடினால் ரப்பர் பூட்டின் ஒரு பக்கத்து மடிப்புகள் நெருங்கி ஒன்றோடொன்று உரசும், எதிர்ப் பக்கம் இழுபட்டு நிற்கும். சக்கரம் சுற்றச் சுற்ற எல்லா மடிப்பும் மாறி மாறி இதற்குள் வரும். தேரி மணல் பொடிப்பொடியாக இருக்கும், காற்றில் பறந்து எந்த இடுக்கிலும் போய் உட்காரும். இரண்டு மடிப்புக்கு நடுவில் அது உட்கார்ந்தால் உப்புத்தாள் வைத்துத் தேய்த்த மாதிரிதான். மடிப்பின் அடிப்பள்ளத்தில், கையால் விரித்துப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி, தலைமுடி கனத்தில் ஒரு கீறல் விழும். சாய்ந்து சுற்றும் வேகத்தில் அந்தக் கீறல் வாய் திறந்து கிரீஸைத் துப்பும். ரிம்மின் உள்பக்கத்தில் ஒரே வட்டமாக, மை தெளித்தது போலக் கறுப்புப் புள்ளிகள் இருக்கின்றனவா பாருங்கள். சத்தம் வருவதற்கு முன்னால் தெரியும் முதல் அடையாளம் அது. சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசலில் வேறு விதம்: ஐப்பசி, கார்த்திகையில் சகதி மடிப்புக்குள் அடைத்து, காய்ந்ததும் கெட்டியாகி, பூட்டை வளைய விடாமல் கிழித்துவிடும். காட்டை விட்டு வெளியே வந்த அன்றே மடிப்புகளில் சாதாரணக் குழாய்த் தண்ணீரை விட்டுக் கழுவுங்கள். பிரஷர் வாஷரை நேராகப் பிடிக்க வேண்டாம், கிளாம்ப் ஓரமாகத் தண்ணீர் உள்ளே போய்விடும்.

பூட் கிழிந்தால் ஜாயிண்ட்டை மாற்றுவதா, பூட்டை மட்டும் மாற்றுவதா என்பதை விரல் சொல்லும். கிழிந்த இடத்தில் கொஞ்சம் கிரீஸை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். நல்ல மோலி (மாலிப்டினம்) கிரீஸ் கறுப்பாக, வெண்ணெய் மாதிரி வழுக்கும். மணல் புகுந்தது நறநறவென்று இருக்கும். தேரிக்குள் ஓடின வண்டி என்றால் கறுப்பில் செங்கல் நிறம் கலந்திருக்கும். நறநறப்பு இல்லையென்றால் பூட், கிரீஸ், கிளாம்ப் போதும். இருந்தால் ஜாயிண்ட்டைப் பிரித்தே ஆக வேண்டும், பழைய கிரீஸின் மேலேயே புது கிரீஸை அடைத்து மூடினால் அந்த மணல் உள்ளேயே அரைத்துக்கொண்டிருக்கும்.

பிரிக்கும்போது: ஆக்சில் நட்டைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே தளர்த்திக்கொள்ளுங்கள். பால் ஜாயிண்ட்டைப் புல்லர் போட்டு எடுங்கள், அதன் ரப்பரில் சுத்தியல் படக்கூடாது. ஷாஃப்ட்டை ஒரு முனையில் தொங்க விட்டால் உள் ஜாயிண்ட் கழன்றுவிடும், கயிறு போட்டு மட்டமாகக் கட்டிவிட்டு வேலை பாருங்கள். வெளி ஜாயிண்ட்டைக் கழற்ற, பித்தளைக் கம்பியை உள் உருளையின் மேல் வைத்துத் தட்ட வேண்டும். கூண்டின் மேல் தட்டினால் அது அன்றோடு போச்சு. குண்டுகளை எடுப்பதற்கு முன் வெளிக்கூடு, கூண்டு, உள் உருளை மூன்றிலும் ஒரே நேராகப் பெயிண்ட் புள்ளி வையுங்கள், ஓடிப் பழகின பள்ளத்துக்கே அந்தந்தக் குண்டு திரும்பப் போக வேண்டும். டீசலில் கழுவி, காற்றடித்து, முழுக்கக் காய விட்டு, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். பள்ளம் கண்ணாடி மாதிரி மினுங்கினால் நல்லது. நகத்தை ஓட்டினால் தடுக்குகிற மாதிரி குழியோ விளிம்போ இருந்தால், கூண்டின் ஜன்னலில் குண்டு லொடலொடவென்று ஆடினால், அந்த ஜாயிண்ட்டில் கிரீஸை வீணாக்க வேண்டாம்.

கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனமும் கூடாது, தாராளமும் கூடாது. வெளி ஜாயிண்ட்டுக்கு மாலிப்டினம் கலந்த கறுப்பு கிரீஸ், பூட் கிட்டோடு வரும் பொட்டலம் முழுவதும். இந்த அளவு ஜாயிண்ட்டுக்குப் பெரும்பாலும் 100 கிராமை ஒட்டி இருக்கும். அதில் பாதிக்கு மேல் குண்டுகளுக்கு நடுவே அழுத்தித் திணிக்க வேண்டும், மிச்சம் பூட்டுக்குள். வீல் பேரிங்குக்குப் போடுகிற எம்பி கிரீஸை இங்கே அடைத்தால் சாய்ந்து ஓடும் சூட்டுக்கும் அழுத்தத்துக்கும் நிற்காது. உள் ஜாயிண்ட்டுக்குப் பல கம்பெனிகள் வேறு வகை கிரீஸ் தருகிறார்கள், இரண்டையும் கலக்காதீர்கள். பூட்டுக்குக் கேபிள் டேக் போட்டுக் கட்டுகிற பழக்கம் இருக்கிறது. ஏத்தின வண்டியில் அது நிற்கவே நிற்காது, எஃகுப் பட்டைக் கிளாம்ப்தான் வேண்டும். ஷாஃப்ட்டைக் கழற்றாமல் ஒட்டிப் போடுகிற பிளந்த பூட்டும் வேண்டாம், 12 டிகிரியில் ஒட்டு வாய் பிளந்துவிடும். சின்னக் கிளாம்ப்பை இறுக்குவதற்கு முன், ஷாஃப்ட் வண்டி நிற்கும் சாய்வில் இருக்கும்போது, மழுங்கின ஸ்குரூடிரைவரைப் பூட் வாயில் நுழைத்து உள்ளே சிக்கின காற்றை வெளியே விடுங்கள். இல்லையென்றால் பூட் பலூன் மாதிரி உப்பியோ உள்ளே ஒட்டியோ நிற்கும், அதுவும் மடிப்பைத் தின்னும். ஷாஃப்ட்டை டிஃபரன்ஷியலிலிருந்து இழுத்திருந்தால் அந்த ஆயில் சீலையும் மாற்றிவிடுவது நல்லது. ஆக்சில் நட்டை உங்கள் வண்டியின் மேனுவலில் சொன்ன டார்க்குக்கு டார்க் ரெஞ்ச் வைத்தே இறுக்க வேண்டும், அனுமானத்துக்கு இறுக்கினால் வீல் பேரிங் போகும்.

ஏத்தும் வேலையில் பட்டறைகள் பொதுவாக விடுகிற ஒன்று: ஆர்ம் புஷ். கீழ் ஆர்மின் ரப்பர் புஷ் நடுக்குழாயோடு ஒட்டியது, முறுக்கித்தான் வேலை செய்யும். பழைய உயரத்தில் இறுக்கின போல்ட்டை அப்படியே விட்டு வண்டியை ஏத்தினால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே நிற்கும், சீக்கிரம் பிய்யும். ஏத்தி முடித்து வண்டியைத் தரையில் இறக்கின பிறகு, ஆர்ம் போல்ட்டுகளைத் தளர்த்தி, வண்டியை இரண்டு தடவை அழுத்தி ஆட்டிவிட்டு, அதே நிலையில் இறுக்குங்கள். புஷ் பிய்ந்து வரும் 'டொக்' சத்தத்துக்கு ஜாயிண்ட்டை மாற்றினவர்கள் உண்டு.

அலைன்மெண்ட் அன்றைக்கே பார்க்க வேண்டும், நாளைக்கு என்று தள்ளக் கூடாது. ஏத்தினால் டோ (சக்கரம் உள்ளே வெளியே பார்க்கும் கோணம்) மாறும், பெரும்பாலும் கேம்பர் (சக்கரத்தின் பக்கவாட்டுச் சாய்வு) பாசிட்டிவ் பக்கம் போய் டயரின் வெளியோரம் தேயும், காஸ்டர் (ஸ்டியரிங் அச்சின் பின்சாய்வு) குறைந்து ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது.

சத்தத்தை வைத்து எது போயிருக்கிறது என்று சொல்லப் பழகிக்கொள்ளலாம். காலி மைதானத்தில் ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, மெதுவாக ஆக்சிலேட்டர் கொடுத்து இரு பக்கமும் வட்டமடித்தால் வரும் 'டக் டக்', சக்கர வேகத்தோடு கூடிக் குறைந்தால் வெளி ஜாயிண்ட். கியர் போட்டு எடுக்கும்போதும் காலை விடும்போதும் ஒரே ஒரு 'டொக்' என்றால் உள் ஜாயிண்ட், அல்லது கியர்பாக்ஸ் பக்கத்திலிருந்து டிஃபரன்ஷியலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் (சிலுவை வடிவ ஜாயிண்ட்). மிதித்தாலும் விட்டாலும் மாறாமல் வேகத்தோடு மட்டும் கூடும் உறுமல் வீல் பேரிங். மெதுவாகப் பள்ளத்தில் இறங்கும்போது வரும் 'கிரீச்'சும் 'டக்'கும் பால் ஜாயிண்ட். பால் ஜாயிண்ட்டைச் சோதிக்க, பாரம் தாங்கும் ஜாயிண்ட்டிலிருந்து பாரத்தை எடுத்துவிட வேண்டும். ஸ்பிரிங்கோ டார்ஷன் பாரோ கீழ் ஆர்மைத் தாங்குகிற வண்டியில், ஜாக்கியைக் கீழ் ஆர்முக்கு அடியில், பால் ஜாயிண்ட்டுக்குப் பக்கத்தில் வைத்துத் தூக்குங்கள். சேஸிஸில் ஜாக்கி வைத்தால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழே தள்ளி ஆட்டத்தை மறைத்துவிடும். பிறகு டயருக்கு அடியில் கடப்பாரை கொடுத்து நெம்பிப் பாருங்கள்.

சாய்வைக் குறைக்க வழி உண்டா என்றால், டிஃபரன்ஷியலைக் கொஞ்சம் இறக்கலாம். அதன் மவுண்ட்டுக்கும் சேஸிஸுக்கும் நடுவே 25 மில்லிமீட்டர் புஷ் வைத்து, நீளமான 10.9 தர போல்ட் போட்டால், மேலே சொன்ன 50 மில்லிமீட்டர் ஏத்தின வண்டியில் சாய்வு 12.3லிருந்து 8.6க்குத் திரும்பும். ஆனால் எல்லா மவுண்ட்டையும் சமமாக இறக்க வேண்டும், உள்காற்றை வெளியே விடும் பிரீதர் குழாய் எட்டுகிறதா பார்க்க வேண்டும், முன் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு எவ்வளவு மாறியது என்றும் அளக்க வேண்டும். எதற்காக வண்டியை ஏத்தினோமோ அந்த இடைவெளியில் கொஞ்சத்தை டிஃபரன்ஷியல் கீழே இறங்கித் தின்றுவிடும் என்பதும் உண்மை. அந்தப் புஷ்ஷை லேத்துப் பட்டறையில் அலுமினியக் கட்டையில் கடைந்து தருவார்கள், மரத்துண்டோ ரப்பரோ வைக்க வேண்டாம்.

அதற்கும் முன்னால் யோசிக்க வேண்டியது டயர். ஷாஃப்ட் சாய்வைத் தொடாமல் உயரம் தருவது டயர் மட்டும்தான், ஏனென்றால் ஹப்பும் டிஃபரன்ஷியலும் சேர்ந்தே மேலே போகின்றன. 245/70 ஆர்16இலிருந்து 265/70 ஆர்16க்குப் போனால் விட்டம் 28 மில்லிமீட்டர் கூடும், வண்டி 14 மில்லிமீட்டர் உயரும். கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும். அதோடு டார்ஷன் பாரில் 25 சேர்த்தால் ஒன்றரை இஞ்சு வந்துவிடும், சாய்வு 9 டிகிரிக்குள்ளேயே இருக்கும். நல்ல கனத்தில் ஒரு சம்ப் கார்டும் போட்டால் வாழைத்தோட்டத்து ஓடைக்கு இதற்கு மேல் தேவைப்படாது. இரும்பு பம்பரும் வின்ச்சும் போட்டு மூக்கு தாழ்ந்துபோன வண்டியை அதன் பழைய உயரத்துக்கே ஏத்துவதிலும் கேடு இல்லை, சாய்வு கம்பெனி அளவுக்குத்தான் திரும்புகிறது. எதைச் செய்தாலும், மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52 ஆர்சியில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. ஆர்டிஓ அலுவலகத்திலும் இன்சூரன்ஸிலும் கேட்டுவிட்டே கை வையுங்கள்.

முழு ஆக்சில் வண்டிகளுக்கு வருவோம். இவற்றில் டிஃபரன்ஷியலும் ஆக்சில் குழாயும் சக்கரமும் ஒரே கட்டு. கமான் பட்டை சேர்த்தோ, பட்டையின் முனையைச் சேஸிஸோடு இணைக்கும் ஷேக்கிளை நீட்டியோ எவ்வளவு ஏத்தினாலும், சக்கர ஓரத்து ஜாயிண்ட்டின் சாய்வு ஒரு டிகிரிகூட மாறாது. பழைய ஜீப்பில் அது பெரும்பாலும் கிராஸ், ஜிப்ஸியில் குண்டு வைத்த ஜாயிண்ட். அது போனால் காரணம் கிரீஸ், தண்ணீர், அல்லது முழுக்க ஒடித்து மிதித்தது. கிராஸ் ஜாயிண்ட் 30 டிகிரி ஒடிந்திருக்கும்போது, சக்கரம் ஒவ்வொரு சுற்றிலும் 13 சதவீதம் மெதுவாகவும் 15 சதவீதம் வேகமாகவும் மாறி மாறி ஓடும். 4 வீலில் முழுக்க ஒடித்தால் ஸ்டியரிங் கையில் துடிப்பது அதனால்தான்.

இந்த வண்டிகளில் ஏத்துவதால் மாறுவது மூன்று: புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் சாய்வு, ஸ்டியரிங்கிலிருந்து சக்கரத்துக்குப் போகும் டிராக் லிங்க்கின் சாய்வு, காஸ்டர். ஷேக்கிளை 50 மில்லிமீட்டர் நீட்டினால் வண்டி 25 மில்லிமீட்டர்தான் ஏறும், பட்டையின் ஒரு முனை மட்டும்தானே இறங்குகிறது. ஆனால் ஒரு மீட்டர் நீளப் பட்டையில் அது ஆக்சிலைக் கிட்டத்தட்ட 3 டிகிரி புரட்டிவிடும். ஷேக்கிள் முன்பக்கம் இருந்தால் காஸ்டர் குறைந்து, வண்டி ரோட்டில் அலையும். பின்பக்கம் இருந்தால் காஸ்டர் கூடும், ஆனால் புரொப்பல்லர் வந்து சேரும் பினியன் மூக்கு கீழே சாய்ந்து புரொப்பல்லர் கிராஸ் கஷ்டப்படும். பட்டைக்கும் ஆக்சில் மேடைக்கும் நடுவே இரும்பு ஆப்பு வைத்து 2, 3 டிகிரி திருப்பலாம். யூ போல்ட்டைப் பழையதையே போடாமல் புதிது போட்டு, 500 கிலோமீட்டரில் திரும்ப இறுக்குங்கள்.

தென்மாவட்டங்களில் 2023 டிசம்பர் 17, 18 மழையில் மூழ்கின முழு ஆக்சில் வண்டிகளில் பிரீதர் வழியாகத் தண்ணீர் உள்ளே போயிருக்க வாய்ப்பு உண்டு. சூடான ஆக்சில் குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே காற்று சுருங்கி, பிரீதரிலும் சீலிலும் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். டிஃபரன்ஷியல் ஆயிலும் சக்கர ஓரத்து நக்கிள் கிரீஸும் மோர் நிறத்தில் இருந்தால் முழுவதும் வடித்து, கழுவி, புதிது போட வேண்டும். பிரீதரில் ஒரு குழாய் மாட்டி இன்ஜின் அறைக்குள் உயரமாக ஏற்றிக் கட்டிவிட்டால் அடுத்த வெள்ளத்துக்குப் பயம் இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு நாலு எண்ணை ஓட்டுநர் கதவின் உள்பக்கம் பெயிண்ட் பேனாவால் எழுதி வையுங்கள்: இடது ஷாஃப்ட் டிகிரி, வலது ஷாஃப்ட் டிகிரி, ஹப் மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை இடது, வலது. ஹப்பிலிருந்து ஃபெண்டர் வரையிலான அளவு இரு பக்கமும் 5 மில்லிமீட்டருக்குள் ஒத்துப்போக வேண்டும். டார்ஷன் பார் ஏத்தின வண்டி முதல் சில நாளில் கொஞ்சம் இறங்கும், 1,000 கிலோமீட்டரில் திரும்ப அளந்து சரிசெய்து, பூட் கிளாம்ப்புகளையும் அப்போதே ஒரு தடவை தொட்டுப் பாருங்கள். அதன்பின் ஒவ்வொரு 5,000 கிலோமீட்டருக்கும் ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுக்க ஒடித்து வைத்து, டார்ச் அடித்து, மடிப்புகளை விரலால் ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தால் போதும்.